திருப்பிக் கொடுத்த பிறகு

“நான் புத்தகந்தானுங்கண்ணா படிக்கிறேன். அதுல ஒளிச்சு வைக்க என்ன இருக்குது?”

கேட்டவர் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்க்கும் தம்பி. பதினோரு மணி டீக்கு பேக்கரியில் பழக்கமானவர். போனில் ஏதோ ஒரு நூலகச் செயலியை இறக்கியிருக்கிறார். அது இருப்பிடம் கேட்டிருக்கிறது, தொடர்பு எண்களைக் கேட்டிருக்கிறது, கேமராவையும் கேட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்திவிட்டு நாவல் படிக்க உட்கார்ந்துவிட்டார். கதை படிக்கிறவருக்குக் கேமரா எதற்கு என்று நான் கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

நியாயமான கேள்வி. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் இன்னொரு டீ சொன்னோம்.

“உங்களை விட்டுருவோம் தம்பி, உங்க கம்பெனியையே எடுத்துக்குவோம்” என்றேன். பவர் டேபிளில் உட்காரும் ஒரு பெண், பேறுகாலத்துக்கு இ.எஸ்.ஐ.யில் 26 வாரம் சம்பளம் உண்டு என்று எங்கோ கேள்விப்பட்டு அதைப் பற்றித் தேடிப் படிக்கிறார். செக்கிங்கில் இருக்கும் ஒருவர் விவாகரத்துச் சட்டத்தைப் படிக்கிறார். கட்டிங் மாஸ்டர், வயசானால் வரும் புராஸ்டேட் வீக்கத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் தேடுகிறார். மூவரும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் இவர்கள் தேடியதன் பட்டியலில் முதலாவது கம்பெனி மேனேஜர் கைக்கும், இரண்டாவது படித்தவர் வீட்டுக்கும், மூன்றாவது, மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் மாஸ்டருக்கு வரப்போகும் சம்பந்தி கைக்கும் போனால்? நடக்கப்போவது பெரிய அவமானம்கூட இல்லை. அடுத்த முறை அவர்கள் தேட மாட்டார்கள், அவ்வளவுதான். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடுவார்கள். நூலகத்தில் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதற்கு என் கணக்கில் இதுதான் முதல் காரணம். மற்றதெல்லாம் அப்புறம்.

பழைய நூலகங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நம் பக்கத்துப் பொது நூலகங்களில் நெடுங்காலம் புழங்கிய இரவல் முறைக்கு பிரவுன் முறை என்று பெயர். நினா பிரவுன் என்ற அமெரிக்க நூலகர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்தது. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஓர் அட்டை இருக்கும். உறுப்பினருக்குப் பை போன்ற சிறு சீட்டுகள் தருவார்கள், எத்தனை புத்தகம் எடுக்கலாமோ அத்தனை சீட்டு. புத்தகம் எடுக்கும்போது அதன் அட்டையை உருவி உங்கள் சீட்டுப் பைக்குள் செருகி, தவணைத் தேதிவாரியாக ஒரு மரத் தட்டில் அடுக்கிவிடுவார்கள். புத்தகம் உங்களிடம் இருக்கும் வரை அதுவும் உங்கள் பெயரும் சேர்ந்தே இருக்கும். திருப்பிக் கொடுத்த நிமிடம் அட்டை புத்தகத்துக்குள் போய்விடும், சீட்டு உங்கள் கைக்கு வந்துவிடும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்துச் சீட்டில் தேதி முத்திரை மட்டும் மிஞ்சும். யாரோ எடுத்தார்கள் என்று தெரியும். யார் என்று நூலகருக்கே தெரியாது.

இதை அந்தரங்கம் காக்க வேண்டுமென்று யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. நூலகரின் எழுத்து வேலையைக் குறைக்க வந்த ஏற்பாடு. ஆனாலும் பூட்டு, கடவுச்சொல், சட்டம் எதுவும் இல்லாமல் வாசகரைக் காத்தது. வைத்துக்கொள்ளாததை யாராலும் கேட்க முடியாது, திருட முடியாது, தவறுதலாகச் சிந்தவும் முடியாது. நான் தம்பிக்குச் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குள்தான் அடங்கும். ஒரு நூலகமோ, கணினிக்குள் உருவம் எடுத்து உலவும் மெய்நிகர் உலகமோ எத்தனை பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், எதை வைத்துக்கொள்ளாமல் விட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கணினி வந்ததும் இது தலைகீழானது. நம் கல்லூரிகள் பலவற்றில் ஓடும் கோஹா என்ற இலவச நூலக மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். நியூசிலாந்தில் பிறந்தது. புத்தகம் திரும்பி வந்ததும் அந்த இரவல் பதிவு அழிவதில்லை. பழைய இரவல்கள் என்று இன்னொரு அட்டவணைக்கு நகர்ந்துவிடும். மூன்று வருடம் முன்பு எடுத்ததையும் எண்ணி எடுத்துத் தரும். அதைச் செய்தவர்கள் நல்லவர்கள். வாசகருக்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள்: என் வாசிப்பு வரலாற்றை எப்போதும் வைத்திரு, நூலகத்தின் வழக்கப்படி செய், வைக்கவே வைக்காதே. மூன்றாவதைத் தேர்ந்தால் புத்தகம் திரும்பிய உடனே பதிவிலிருந்து உங்கள் பெயர் கழன்றுவிடும். பிரவுனின் மரத் தட்டு மறுபடி வந்தது போலத்தான். ஆனால் அந்த வசதியை நூலகம் திறந்து வைத்தால்தான் உங்கள் கண்ணுக்கே தெரியும். திறந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்ட வாசகர் எத்தனை பேர்?

வைத்துக்கொள்வதற்கு ஒரு நல்ல சாக்கும் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. இன்றைய செயலிகள் எல்லாம் அந்த விதியைத்தான் தூக்கிப் பிடிக்கின்றன. ‘நீங்கள் விரும்பக்கூடியவை’ என்று நான்கு அட்டைப்படம் காட்ட வேண்டுமென்றால் நீங்கள் இதுவரை படித்ததெல்லாம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்தச் சலுகை வேண்டாம். அடுத்த புத்தகத்தை அலமாரியில் நானே தேடிக்கொள்வேன். ஆனால் வேண்டும் என்பவரை நான் குறை சொல்ல மாட்டேன், கேட்டுவிட்டு வைத்துக்கொண்டால்.

கேட்காமல் எடுத்த கதையும் உண்டு. மின்னூல்களை இரவல் தரும் நூலகங்கள் உலகெங்கும் பயன்படுத்திய அடோபி நிறுவனத்தின் வாசிப்பு மென்பொருள், எந்த நூலை எந்தப் பக்கம் வரை படித்தீர்கள் என்ற பதிவைத் தன் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது 2014 அக்டோபரில் வெளியே தெரிந்தது. அனுப்பியதும் பூட்டாத கவரில், அதாவது குறியாக்கம் இல்லாமல். நடுவில் அதே வைஃபையில் உட்கார்ந்திருக்கும் எவரும் படித்துவிடலாம். பிறகு குறியாக்கம் போட்டுச் சரிசெய்தார்கள். காகிதப் புத்தகத்தில் நூலகர்கூட நீங்கள் முதல் அத்தியாயத்தைத் தாண்டினீர்களா என்று அறிய மாட்டார். மின்னூலில் எந்தப் பக்கத்தில் நின்றீர்கள் என்பதுவரை கணக்கு.

தம்பி இடைமறித்தார். “அப்பிடின்னா எல்லா ஆன்லைன் லைப்ரரியும் இப்பிடித்தானா?”

இல்லை. நம்மிடமே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்கப் பாட்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டு நூல்வரை இறக்கிக்கொள்ளலாம். பெயர் கேட்க மாட்டார்கள், எண் கேட்க மாட்டார்கள். ஈழத்து ஏடுகளைச் சேகரிக்கும் நூலகம் தளத்திலும் நேராகப் போய்ப் படிக்கலாம். கணக்கே தொடங்காத இடத்தில் கணக்கு திருடுபோகாது. அச்சுரிமை உள்ள புதுப் புத்தகத்தை இரவல் தரும் தளத்துக்கு இது முடியாது. யாரிடம் போனது, எப்போது திரும்பும் என்று அது எழுதி வைத்தே ஆக வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அந்தச் சிக்கலை நன்றாகக் காட்டுவது சான்பிரான்சிஸ்கோவின் இன்டர்நெட் ஆர்க்கைவ். 2007இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., அதன் பயனாளர் ஒருவரைப் பற்றிய விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. நீதிமன்ற உத்தரவு இல்லாத கடிதம், அப்படி ஒன்று வந்ததை வெளியே சொல்லவும் கூடாது. நிறுவனர் புரூஸ்டர் காலே வழக்குப் போட்டார். 2008இல் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். வாசகர்கள் எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறார்கள் என்பதைச் சேர்த்து வைப்பதைக் கூடியமட்டும் தவிர்ப்பதும் அந்த நூலகத்தின் கொள்கை. அதே நூலகத்துக்குள் 2024இல் யாரோ புகுந்தார்கள். சுமார் 3 கோடியே 10 லட்சம் கணக்குகளின் மின்னஞ்சல் முகவரியும், குறியாக்கம் செய்த கடவுச்சொற்களும் வெளியே போயின. இவ்வளவு அக்கறை உள்ளவர்களிடமிருந்தும் போனது எது? வைத்திருந்தது போனது. சேர்த்து வைக்காதது போகவில்லை. அதற்கு முந்தைய வருடம் பிரிட்டிஷ் நூலகத்தை முடக்கிப் பணம் கேட்ட கும்பலும், கிடைக்காது என்று தெரிந்ததும் அங்கிருந்த ஊழியர், பயனாளர் விவரங்களை இணையத்தில் கொட்டியது.

நூலகம் வரைக்கும் இது நமக்குப் பழகிய பொருள். இதே கேள்வியை மெய்நிகர் உலகத்திடமும் கேட்க வேண்டும் என்றதும் தம்பிக்கே சிரிப்பு வந்தது. ‘அதெல்லாம் பசங்க விளையாட்டு’ என்றார்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தை நினைவுபடுத்தினேன். 2022 பிப்ரவரியில் அந்தக் கிராமத்தில் கல்யாணம் முடித்த ஒரு ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸ் என்ற மெய்நிகர் உலகத்தில் வைத்தது. ஹாரி பாட்டரின் மாயப் பள்ளி போன்ற மண்டபம். விருந்தாளிகள் போனிலும் கணினியிலும் நுழைந்து, ஆளுக்கொரு பொம்மை உருவம் எடுத்து வாழ்த்தினார்கள். காலமாகிவிட்ட மணப்பெண்ணின் தந்தைக்கும் ஓர் உருவம் செய்து வரவேற்பில் நிற்க வைத்தார்கள். கேட்டவர்கள் பலருக்குக் கண் கலங்கியது. எனக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

இப்போது அதை மண்டபக்காரர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நிஜ மண்டபத்தில் மொய் நோட்டு ஒன்றுதான் பதிவு. அதுவும் வீட்டுக்காரர் கையில் இருக்கும். மெய்நிகர் மண்டபத்தில் யார் எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் யார் பக்கத்தில் நின்றார், யாரிடம் என்ன பேசினார், எதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார் என்று எல்லாவற்றையும் இடத்தை நடத்துபவர் நினைத்தால் எழுதி வைக்கலாம். அந்தக் குறிப்பிட்ட வரவேற்பில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. இந்த வகை இடம் முழுக்க ஒருவருடைய கணினிக்குள் ஓடுவதால், எழுதாமல் இருப்பதுதான் தனியாக முடிவெடுத்துச் செய்ய வேண்டிய காரியம் என்கிறேன். பசங்க விளையாட்டு என்று உளவுத் துறைகளும் நினைக்கவில்லை. எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட அமெரிக்க உளவுத் துறையின் ரகசிய ஆவணங்களிலிருந்து 2013 டிசம்பரில் வந்த செய்திப்படி, அமெரிக்க, பிரிட்டிஷ் உளவாளிகள் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகங்களுக்குள் உருவம் எடுத்துப் போய் வேவு பார்த்திருக்கிறார்கள்.

“பேரை மாத்தி வெச்சுட்டுப் போனாப் போகுதுங்க” என்றார் தம்பி.

இங்கேதான் விஷயம் அவருடைய தொழிலுக்குள் வருகிறது. தலையில் மாட்டும் மெய்நிகர் கருவி, நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று தெரிந்தால்தான் காட்சியைத் திருப்ப முடியும். ஆகவே தலையும் இரண்டு கையும் எங்கே இருக்கின்றன என்று நொடிக்குப் பலமுறை அளந்துகொண்டே இருக்கும். நிற்கும்போது தலை இருக்கும் உயரத்திலிருந்து உங்கள் உயரம் கிடைத்துவிடும். கையை விரித்தால் கை நீளம் கிடைத்துவிடும். டேப் எடுக்காமலே பாதி அளவெடுத்த மாதிரி. அதுகூடப் பெரிதில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டுக்கு ஏற்றபடி கட்டைகளை வெட்டும் பீட் சேபர் என்ற விளையாட்டை ஆடிய 55,541 பேரின் அசைவுப் பதிவை எடுத்துக்கொண்டார்கள். வெறும் 100 நொடி அசைவை வைத்து, அத்தனை பேருக்குள் இது இன்னார் என்று 94 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது கணினி. ஸ்டான்ஃபோர்டில் 2020இல் 511 பேரை வைத்துச் செய்ததிலும், சும்மா மெய்நிகர் படம் பார்த்தவர்களை 95 சதவீதம் அடையாளம் கண்டது.

தையல் வரிசையில் இருபது மிஷின் தள்ளி நிற்கும் சூப்பர்வைசர், முகம் தெரியாமலே தோள் ஆடுகிற ஆட்டத்தை வைத்து இது இந்த அக்கா என்று சொல்லிவிடுவார் அல்லவா, அப்படித்தான். பெயரை மாற்றலாம், பொம்மைக்கு யானைத் தலை வைக்கலாம். தோள் ஆட்டத்தை மாற்ற முடியாது. கடவுச்சொல் திருடுபோனால் வேறு போட்டுக்கொள்ளலாம். நடையும் கையசைவும் திருடுபோனால் வேறு வாங்க வழியில்லை. பெர்க்லி ஆய்வாளர்கள் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. உயரத்திலும் கை நீளத்திலும் கொஞ்சம் பொய் கலந்து வெளியே அனுப்பும் ஒரு மென்பொருளையும் செய்து காட்டினார்கள். ஆட்டம் கெடாத அளவுக்குப் பொய். எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே பிடித்த பகுதி அதுதான். கருவி செய்கிற கம்பெனிகள் அதைத் தாங்களாகவே உள்ளே வைத்திருக்கலாம்.

அளவு என்றதும் தம்பி, அவர்கள் செக்‌ஷனில் இப்போது பையருக்குத் துணி சாம்பிளுக்கு முன்னால் முப்பரிமாணப் படம் அனுப்புவதைச் சொன்னார். திரையில் ஒரு பொம்மை உடம்புக்கு டி-ஷர்ட் போட்டுக் காட்டுவார்கள். கூரியர் செலவு மிச்சம், நாளும் மிச்சம். அந்தப் பொம்மை யாருடைய உடம்பும் இல்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தியர்களுக்கென்று ஓர் அளவுப் பட்டியல் வேண்டும் என்று ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட் ‘இந்தியாசைஸ்’ என்ற திட்டம் வகுத்தது. 6 நகரங்களில் 15 முதல் 65 வயதுவரை 25,000 பேரை முப்பரிமாணக் கருவியில் அளப்பது. அதற்கும் கடைசியில் தேவைப்படுவது சராசரிதான். எந்தத் தோள் யாருடையது என்பது சைஸ் சார்ட்டுக்கு வேண்டியதில்லை. கவலை மூன்றாவது வகையில் இருக்கிறது. ‘உங்கள் முழு உருவப் படம் அனுப்புங்கள், இந்தச் சுடிதார் எப்படி இருக்கும் என்று காட்டுகிறோம்’ என்று வாடிக்கையாளரிடமே கேட்கும் விற்பனைச் செயலிகள். அங்கே உடம்பும் பெயரும் போன் எண்ணும் வீட்டு முகவரியும் ஒரே வரியில் சேர்கின்றன. சட்டை காட்டி முடித்ததும் படம் என்ன ஆகிறது என்று எழுதியிருக்கிறதா, அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

“சட்டம் எதுவும் இல்லீங்களா?”

இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இதில் பழைய பங்கும் உண்டு. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிடலாமா என்று போன வழக்கில்தான் 1994இல் உச்ச நீதிமன்றம், ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு என்றும், பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடப் பத்திரிகைக்கு உரிமை உண்டு என்றும் இரண்டையும் சேர்த்துச் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பின்னால் வந்தது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வருகின்றன.

அவை அமலுக்கு வந்ததும் அந்தச் சட்டத்தில் நமக்குப் பயன்படுகிறவை சில. எதற்காக எந்த விவரம் எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம், எட்டாவது அட்டவணை மொழிகள் 22க்கும் அந்த உரிமை உண்டு. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனித்து விளம்பரம் காட்டக் கூடாது. 50 லட்சத்துக்குக் குறையாத பயனாளர் உள்ள இணைய விளையாட்டு நிறுவனம், மூன்று வருடம் எட்டிப் பார்க்காதவரின் விவரத்தை, 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டு அழிக்க வேண்டும். சிவலிங்கபுரத்துத் தந்தையை நினைத்தால் இன்னொரு பிரிவும் முக்கியம்: நம் காலத்துக்குப் பிறகு இந்த உரிமைகளை யார் கையாள்வது என்று ஒருவரை நியமித்து வைக்கலாம். பேங்க் கணக்குக்கு நாமினி போடுகிறோம். இதற்கு யார் போட்டார்கள்?

ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களைக் காட்டி அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ள அதே சட்டம் வழி விட்டிருக்கிறது. சில பதிவுகளைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்வதும் அதே விதிகள்தான். அழி என்று ஒரு கையும் வை என்று ஒரு கையும் காட்டுகின்றன. எனக்கு இதில் திருப்தியில்லை. மரத் தட்டு எவ்வளவோ தேவலை.

தம்பி கேட்ட கடைசிக் கேள்விதான் எங்கள் பனியன் ஊருக்கு முக்கியமானது. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் அவருடைய ஊர்க்காரப் பெண்கள், ஓர் அறையில் ஒரு நல்ல போனை ஆளுக்குக் கொஞ்ச நேரமாகப் பார்க்கிறார்களாம். ஒரே ஜிமெயில். ஒருத்தி தேடியது அடுத்தவளுக்குக் கீழே வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தால் அவனும் போனை வாங்கிப் பார்ப்பான். இதற்கு எந்தச் சட்டம்?

எதுவும் இல்லை. தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்குள் ஒருவர் மற்றவரின் விவரத்தைப் பார்ப்பதை அந்தச் சட்டமே வெளியே நிறுத்திவிட்டது. கலிஃபோர்னியாவில் இருக்கும் கம்பெனியைவிடப் பக்கத்துப் பாயில் படுப்பவரிடமும் வாசலில் நிற்கும் அண்ணனிடமும்தான் அந்தப் பெண்ணுக்கு உடனடிக் கவலை. அங்கே போனில் செய்துகொள்வதுதான் காவல். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் விருந்தினர் பயனர் என்று தனி அறை உண்டு, முடித்ததும் அதை நீக்கிவிட்டால் அதற்குள் தேடியதும் சேர்ந்து போய்விடும். அது இல்லாத போனில் உலாவியின் மறைநிலைப் பக்கம் போதும். போன் கைமாறும்போது மிச்சம் நிற்காது. ஆனால் இணையம் தரும் கம்பெனிக்கு எந்தத் தளம் போனோம் என்பது தெரியத்தான் செய்யும். நூலகச் செயலிக்கென்று பெயர் சொல்லாத ஒரு தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளலாம். செயலியை நீக்கினால் மட்டும் அங்கே இருக்கும் கணக்கு போகாது. முதலில் உள்ளே போய்க் கணக்கை அழித்துவிட்டுத்தான் செயலியை நீக்க வேண்டும், இதைப் பலரும் மாற்றிச் செய்கிறார்கள். அண்ணன் போனை வாங்கிப் பார்ப்பது வழக்கம் என்றால், இறக்கி வைத்த பிடிஎஃப் கோப்பும் பதிவிறக்கக் கோப்புறையில் பெயரோடு உட்கார்ந்திருக்கும், அதையும் அழிக்க வேண்டும். பேறுகாலச் சட்டத்தைப் படிக்கிற பெண்ணுக்கு இத்தனை வேலை எதற்கு என்று தோன்றினால், ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகம் திறந்திருக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போய், உறுப்பினராகாமலே அங்கே மேஜையில் உட்கார்ந்து படித்துவிட்டு வரலாம். வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். என்ன படித்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.